விருந்துக்கு வந்த சிப்பி

அறுபதுகளில் நாங்கள் பம்பாயில், செம்பூரில் குடியிருந்தோம். அப்பாவுக்கு டிராம்பேயில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. வேலை என்றதும் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும் என்று நினைத்துவிட வேண்டாம். கடல் வற்றும் நேரம் பார்த்துச் சேற்றில் இறங்கி, பாறையில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும் கரும்பச்சைச் சிப்பிகளைப் பெயர்த்துக்கொண்டு வந்து மேலதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை அறுத்துப் பார்ப்பார். ஆலைகளிலிருந்து கடலில் என்னென்ன கலக்கிறது என்று அந்தச் சதை காட்டிக்கொடுத்துவிடுமாம். அப்பாவுக்கு அதற்குமேல் தெரியாது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதும், அதற்கு அந்தச் சார் மனது வைக்கவேண்டும் என்பதும்தான் அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவியிலிருந்து மாமா புதுப் பெண்டாட்டியோடு விருந்துக்கு வருவதாக இருந்தது. அக்காள் வீட்டு விருந்தில் கடல் கறி இல்லையென்றால் எங்கள் பக்கத்தில் அதைச் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். "எதையாவது நல்லதா கொண்டாருங்க" என்று அம்மா அப்பாவை அரித்தெடுத்திருந்தாள். குமரிக் கடற்கரையில் பிறந்தவள். பம்பாய்க்கு வந்தபின் சிப்பியைக் கண்ணால் கண்டதில்லை.

அன்று காலை அப்பா ஈரச் சாக்கு ஒன்றைப் பாத்திரம் கழுவும் மோரி ஓரம் வைத்துவிட்டு, விருந்தாளிகளை அழைத்துவர குர்லா ஸ்டேஷனுக்கு ஓடினார். ஆய்வுக்கூடத்துக்கு விடுமுறை என்பதால் மறுநாள் கொடுப்பதற்காக வைத்திருந்த சிப்பி அது. அவசரத்தில் சொல்ல மறந்துவிட்டார். அம்மா சாக்கைப் பிரித்தாள்.

"பாத்தியா மக்களே, ஒண்ணும் சொல்லாம கொண்டு வச்சிட்டுப் போயிருக்காரு ஒங்கப்பா!"

அவள் முகத்தில் அத்தனை பெருமை. தேங்காய் வறுத்து அரைத்து, சட்டி நிறையக் கறி வைத்தாள்.

விருந்தாளிகளோடு வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். மோரியில் குவிந்து கிடந்த ஓடுகளைப் பார்த்தார். "அத்தான், சிப்பியா! எங்க பிடிச்சீங்க?" என்று மாமா துள்ளினார். புதுப்பெண் முன்னால் அம்மாவைத் தலைகுனிய வைக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்து எல்லோரோடும் சாப்பிட்டார். என் தம்பி இன்னும் கேட்டபோது தன் தட்டிலிருந்தே எடுத்து வைத்தார்.

மறுநாள் அவரே போய் உண்மையைச் சொல்லிவிட்டார். சாயங்காலம் சார் ஜீப்பில் வந்து இறங்கினார். மாட்டுங்காப் பிராமணர், முட்டைகூடத் தொடாதவர் என்று அப்பா சொல்லியிருக்கிறார். வரிசை வீடு முழுவதும் கதவைத் திறந்து வேடிக்கை பார்த்தது.

"யார் யாரெல்லாம் சாப்ட்டா? கொழந்தைகளுமா?"

அப்பா தலையாட்டினார். சார் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என்னையே உற்றுப் பார்த்தார். நான் பாவாடையைத் தூக்கி வாயைத் துடைத்துக்கொண்டேன். சர்க்கார் ஆராய்ச்சிக்கு வைத்ததைக் கறிவைத்துத் தின்ற குடும்பம் என்று ஊருக்கே தெரிந்துவிட்டதே! நாங்கள் சாப்பிடும் சாப்பாடே கேவலம் என்று தோன்றியது. கைகட்டி நின்ற அப்பாவைப் பார்க்க அதைவிட வெட்கமாக இருந்தது.

"யாருக்காவது வாந்தி, வயித்துப்போக்கு?"

"ஒண்ணுமில்ல சார், எல்லாரும் நல்லாருக்கோம்" என்று அம்மா முந்திக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் தொங்கிய சேலைத் திரைக்கு உள்ளே தம்பி விடியற்காலையிலிருந்து வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தான். அவன் முனகியது எனக்குக் கேட்டது. அம்மா இன்னும் கொஞ்சம் நகர்ந்து திரையை மறைத்து நின்றாள். நல்ல வேளை, மானத்தைக் காப்பாற்றினாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"எதுவானாலும் ஒடனே சொல்லி அனுப்புங்கோ. ராத்திரியானாலும் பரவால்ல" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த மனுஷன் எப்போது தொலைவார் என்று எனக்கு இருந்தது.

தம்பி இரண்டு நாளில் எழுந்துவிட்டான். அப்பாவின் வேலையும் போகவில்லை. ஆனால் சார் வீட்டுப் பக்கம் வந்தபோதெல்லாம் நான் போய் ஒளிந்துகொண்டேன். எங்களைப் பார்த்து அருவருத்தவர் என்று மனதுக்குள் அவரை வருஷக்கணக்காகத் திட்டியிருக்கிறேன். அன்று வாசலில் நின்ற எங்களில், அந்தச் சதைக்குள் என்னென்ன இருந்திருக்கும் என்று அறிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் முகத்தில் நான் கண்டது பயம். அத்தனை பெரிய மனிதர் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பயப்படக்கூடும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.