உறவினர் அல்லாத ஒருவர் தேவை

இன்று காலை, ஈப்போவில் எங்கள் தாதியர் கல்லூரி நேர்காணலில்...

பீடோர் பக்கத் தோட்டத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள் தர்ஷினி.

பள்ளி இறுதி எஸ்பிஎம் தேர்வு முடிவு சுமார்தான். கணக்கில் தகுதிக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

இந்த வருடம் மதிப்பெண்ணை மட்டும் பார்க்க மாட்டோம். பிள்ளையை நன்றாகத் தெரிந்த ஒருவரிடமும் போன் போட்டுக் கேட்போம். (நான் போராடி வாங்கிய விதி! கொஞ்சம் பாராட்டுங்கள்.)

விண்ணப்பப் பாரத்தில் 'உறவினர் அல்லாத ஒருவரின் பெயர்' என்ற இடம் மட்டும் காலி.

"ஏம்மா எழுதல?"

"எங்க தோட்டத்துல எல்லாரும் சொந்தந்தான் டீச்சர்."

"பக்கத்து வீட்டுல யாரு?"

"சித்தி."

"அம்மா கூடப் பொறந்தவங்களா?"

"இல்ல டீச்சர், ஒரே லயத்து வரிசை வீட்டுல இருந்தவங்க. அதான் சித்தி!"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானும் சுங்காய் தோட்டத்துக்காரிதான். எனக்கும் இப்படிப் பத்துச் சித்திகள் உண்டு. அந்தப் பாரத்தைத் தயாரித்ததும் நானேதான்!

கடைசியில், தான் சனி ஞாயிறில் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடை முதலாளியின் நம்பரைக் கொடுத்தாள். "பாய் மாமா" என்றாள். (இவரும் மாமா!)

அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு ஸ்பீக்கரில் போன் போட்டேன்.

"பாய், தர்ஷினிய எங்க காலேஜ்ல எடுக்கலாமா?"

"எடுக்காதீங்க லா!"

பக்கத்தில் இருந்த நேர்காணல் குழுத் தலைவர் பேனாவையே மூடிவிட்டார்.

"ஏன் பாய்?"

"என் வியாபாரத்தையே கெடுக்குறா! இனிப்புநீர் வியாதி உள்ள ஒரு அண்ணே வர்றப்பல்லாம் பாலும் சீனியும் போட்ட தே தாரிக் கேப்பாரு. தர மாட்டா. பால், சீனி இல்லாத தே ஓதான் கொண்டு போய் வைப்பா. மருந்து சாப்பிட்டீங்களான்னு வேற அதட்டுவா."

"அவரு கோவிச்சுக்கிட்டாரா?"

"எங்க! அவ இருக்குற நாள்லதான் இப்ப கடைக்கே வாராரு."

தலைவர் பேனாவை மறுபடி திறந்தார்.

பாயின் குரல் இறங்கிவிட்டது.

"எடுத்துக்குங்க லா டீச்சர். நான் வேணாம்னு சொன்னத அவகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை பாய். (இங்கே எழுதியது வேறு கணக்கு!)

தர்ஷினியை உள்ளே கூப்பிட்டு, இடம் கிடைத்துவிட்டது என்றேன். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அடுத்த நிமிடமே, "சனி ஞாயிறு லீவு உண்டா டீச்சர்? அந்த தே ஓ மாமா சீனி போட்டுக் குடிக்க ஆரம்பிச்சிடுவாரு!"

நாளைக்கே பாரத்தில் அந்த 'உறவினர் அல்லாத' வரியை அடித்துவிடப் போகிறேன்.

அதற்குப் பதிலாக இப்படிக் கேட்கலாமா, சொல்லுங்கள் மக்களே:

'நீங்கள் இங்கே வந்துவிட்டால், அங்கே யாருக்குக் கஷ்டம்?'