பக்கத்து வீட்டுக் கோழிமேல் எனக்கு வந்த பொறாமை

நகையைப் பார்த்தோ புடவையைப் பார்த்தோ நான் பொறாமைப்பட்டதில்லை. ஒரு கோழியைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கோழி அது. கழுத்தில் பாதி இறகு கிடையாது; நடப்பதும் கோணல் நடை.

அந்த வீட்டுக்காரருக்கு வாளையாரில் துணிக்கடை. அவர் மனைவி கோழியை அடைவைத்ததோடு சரி, பிறகு அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. நானோ செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, தெர்மாகோல் பெட்டியில் பல்பு மாட்டி, தண்ணீர்க் கிண்ணம் வைத்து, முட்டைகளைப் பொழுதுக்கும் திருப்பித் திருப்பி வைத்தேன். சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. இரண்டு வீட்டிலும் ஒரே வாரத்தில் குஞ்சு பொரித்தது.

என் குஞ்சுகள் ஓட்டை விட்டு வந்ததும் முதலில் பார்த்தது என்னைத்தான். நான் நடந்தால் காலுக்குப் பின்னாலேயே ஓடிவரும். உட்கார்ந்தால் புடவைக்குள் புகுந்துகொள்ளும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வீட்டுக் குஞ்சுகளைவிட என்னுடையவை கொழுகொழுவென்றும் இருந்தன.

வெளியே விட்ட அன்றுதான் வித்தியாசம் தெரிந்தது. நெடுஞ்சாலையில் லாரி ஹாரன் அடித்தாலே பதறுகிற என் குஞ்சுகள், பருந்தின் நிழல் மண்ணில் விழுந்தபோது கழுத்தைத் தூக்கி வேடிக்கை பார்த்தன. பக்கத்து வீட்டுக் கோழி தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டது. அதன் குஞ்சுகளை நொடியில் காணோம். சில சிறகுக்குள், சில வேலியடியில். என்னுடையதில் ஒன்றைப் பருந்து தூக்கிக்கொண்டு போனது. நான் கத்தினேன். மற்றவை என்னிடம் ஓடிவந்தன, அவ்வளவுதான், ஒளியத் தெரியவில்லை. மறுநாளும் ஒன்று போனது.

"நீ என்ன பண்ணுனே கண்ணு, உன்ற குஞ்செல்லாம் இத்தனை சூட்டிகையா இருக்குது?" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டேன்.

"நான் ஒண்ணுமே பண்ணலீங்கக்கா. முட்டைல இருக்கறப்பவே கோழி கொக்கொக்குன்னு பேசிட்டே கெடந்துச்சு, உள்ளயிருந்து குஞ்சும் கீச்சுகீச்சுன்னுச்சு. அவ்வளவுதானுங்க," என்று சிரித்தாள்.

என் பல்பு சூடு கொடுத்தது, பேசவில்லை. அதை நினைத்ததும் பொறாமை இன்னும் ஏறியது.

"ஏனம்மிணி, போயும் போயும் கோழிகூடவா போட்டி போடறே?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். அன்று அவருக்கு வெறும் ரசச் சோறுதான்.

மிஞ்சிய குஞ்சுகளையாவது காப்பாற்ற வேண்டும். வீம்பை விட்டுப் பக்கத்து வீட்டுக்காரியிடமே போய்க் கேட்டேன். பொழுது சாய்ந்து கோழி கூடைக்குள் அடைந்தபின், என் குஞ்சுகளை ஒவ்வொன்றாக அதன் வயிற்றடியில் நுழைத்தோம். இருட்டில் விட்டால் கோழிக்கு வேற்றுமை தெரியாது என்று எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வார்கள். கொத்திவிடுமோ என்று பயந்தேன். கொத்தட்டுமே என்றும் மனதின் ஒரு மூலையில் இருந்தது. கோழி சற்றே உடம்பைத் தூக்கி, இடம் கொடுத்து உட்கார்ந்தது.

பிறகு தினமும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். மண்ணைக் கீறவும் புழுதியில் புரளவும் பதுங்கவும் என் குஞ்சுகள் அதனிடம் கற்றுக்கொண்டன. பருந்து வந்து வந்து சும்மா திரும்பியது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். வயிறுதான் எரிந்தது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், நொய்யரிசியைக் கை நிறைய அள்ளிக்கொண்டு, வழக்கம்போல் "பா பா பா" என்று கூப்பிட்டபடி வேலியைத் தாண்டினேன். வெயில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. என் நிழல் மேலே விழுந்ததும் கோழி அதே சத்தத்தைப் போட்டது.

என் குஞ்சுகள் ஒன்றுவிடாமல் ஓடி ஒளிந்தன. வேலியடியில் மூச்சுக் காட்டாமல் கிடந்தன. அவை கற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அதைத்தான். அரிசியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பெட்டியிலிருந்த பல்பைக் கழற்றினேன்.