நாக் டிப்பா: சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டிய மலை

சம்பா அறுவடை முடிந்து ரம்ஜான் நோன்பு தொடங்குவதற்குள் எங்களுக்குக் கிடைத்தது பதினொரு நாள். எங்களுக்கு என்றால் எனக்கும் கன்னியப்பனுக்கும். நான் உத்திரமேரூர் கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருக்கிறேன். அவர் பெருநகரில் நான்கு ஏக்கர் நெல் வைப்பவர், செருப்பு வாங்க வந்து சிநேகமானவர். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. நானாவது சரக்கெடுக்க ஆக்ரா வரை போயிருக்கிறேன், அவர் திருப்பதிக்கு வடக்கே போனதில்லை.

ஆசை அவருடையதுதான். ஒருநாள் கடையில் உட்கார்ந்து செல்போனில் பனிமலை வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவர், "பாய், இத்த கையில வச்சா சுடுமாமே, நெஜமா?" என்று கேட்டார். ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ் எடுத்துப் பாரய்யா என்றேன். "அது கரண்ட்டு பண்ணது. மேலேர்ந்து வுயுறது வேற. ஒரு தபா தொட்டுப் பாக்கணும்" என்றார். அன்றிலிருந்து எனக்கும் அதே கேள்வி குடையத் தொடங்கிவிட்டது.

இமயமலையில் முதல்முறை போகிறவர்களுக்கு ஏற்ற நடைகள் நிறைய இருக்கின்றன. இரண்டே நாளில் முடிய வேண்டும், உயரம் பத்தாயிரம் அடிக்குள் இருக்க வேண்டும், பனியும் வேண்டும் என்று பார்த்ததில் உத்தராகண்டின் நாக் டிப்பா மிஞ்சியது. உயரம் 9,915 அடி. வழியில் நாக தேவதை கோயில் ஒன்று உண்டு என்று சொன்னதும் கன்னியப்பன் வீட்டில் உடனே சம்மதம் கிடைத்தது. அதைச் சொன்னது நான்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வாரம் தினமும் காலையில் எங்கள் ஏரிக்கரையில் எட்டு கிலோமீட்டர் நடந்தோம். கரை பலகை மாதிரி சமம். இதை நம்பி மலைக்குப் போகக் கூடாது என்று புத்தி வந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் போய் ஐநூற்றுச் சொச்சம் படி ஏறினோம். எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. அவர் வெறுங்காலோடு விறுவிறுவென்று ஏறிவிட்டார். இரண்டு நாளும் அவர் டீகூடக் குடிக்கவில்லை. நேரம் மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

செங்கல்பட்டு வரை பஸ், முப்பது கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். அங்கிருந்து மின்சார ரயிலில் சென்னை. சென்னையிலிருந்து டெல்லிக்கு முப்பத்து மூன்று மணி நேர ரயில், ஏசி மூன்றாம் வகுப்பு 2,200 ரூபாய். டெல்லியிலிருந்து டேராடூன் பஸ் 450 ரூபாய், ஏழு மணி நேரம். டேராடூனிலிருந்து பந்த்வாரி கிராமத்துக்கு 85 கிலோமீட்டர், பகிர்வு ஜீப்பில் 350 ரூபாய், நான்கு மணி நேரம். வழிகாட்டி, கூடாரம், சாப்பாடு சேர்த்து ஆளுக்கு 3,500. வீட்டில் பேசும் உருது இருந்ததால் பேரம் எனக்குச் சுலபமாக முடிந்தது.

பந்த்வாரியில் பதினொரு மணிக்கே சோறும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். ஐந்தரை மணி நேரத்தில் கோயிலுக்கு அருகே கூடாரம். மண்ணெல்லாம் காய்ந்து கிடந்தது, பனி ஒரு பொட்டுக்கூட இல்லை. உச்சிக்குப் பக்கத்தில், வெயில் படாத வடக்குச் சரிவில் மட்டும்தான் இருக்கிறது என்றார் வழிகாட்டி. ராத்திரிச் சாப்பாட்டைக் கன்னியப்பன் வயிறு சரியில்லை என்று தட்டிக்கழித்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கினோம். ஏழேகாலுக்கு, உச்சிக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது, கன்னியப்பன் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாய்யா ஆச்சு?"

"கண்ணு இருட்டிக்கினு வருது பாய். நேத்து மத்தியானத்துலேர்ந்து தண்ணிதான்."

"ஏன்யா?"

"சாமி கீற மலை. துன்னுட்டா ஏறுவாங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நோன்போடு மலையேற வேண்டாம் என்று நாள் பார்த்து வந்தவன் நான். கடைசியில் விரதம் இருந்தது அவர். திருக்கழுக்குன்றத்திலேயே கேட்டிருக்க வேண்டும். அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் அதிகம். வழிகாட்டி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு, இனி மேலே போகக் கூடாது, கூட்டிக்கொண்டு இறங்குகிறேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை டேராடூனில் பஸ் பிடித்தாக வேண்டும். இன்னொரு முறை ஏற நாளில்லை.

பின்னால் புனேக்காரர்கள் நான்கு பேர் தங்கள் வழிகாட்டியோடு வந்தார்கள். நானும் இறங்குகிறேன் என்றேன். கன்னியப்பன் விடவில்லை. "நீ இவங்களோட போ பாய். எனுக்குக் கொஞ்சம் பனி எட்த்துனு வா" என்றார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்த பிறகு மறுக்க மனம் வரவில்லை.

எட்டு மணிக்கு உச்சி. கட்டிக்கொடுத்த ரொட்டி இரண்டையும் நின்றபடியே விழுங்கிவிட்டு, காலியான எவர்சில்வர் டப்பாவில் வடக்குச் சரிவுப் பனியை அமுக்கி அமுக்கி அடைத்து, துண்டில் சுற்றிப் பையின் நடுவில் வைத்தேன். இறங்கலாமா இறங்கலாமா என்று நான் அரித்ததில் புனேக்காரர்கள் கடுப்பாகிவிட்டார்கள்.

ஒன்பதரைக்குக் கூடாரம் சேர்ந்தேன். கன்னியப்பன் கிச்சடி சாப்பிட்டுத் தெளிந்திருந்தார். டப்பாவைத் திறந்தால் கால்வாசி தண்ணீர், மிச்சம் பனி. முழுவதையும் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டார். உள்ளங்கை சிவந்தது. போதும், கீழே போடு என்றேன். போடவில்லை. விரலிடுக்கில் கடைசிச் சொட்டு வழியும் வரை பிடித்திருந்துவிட்டு, "சுடுதுதான்" என்றார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஷூவை ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள், இறங்கும்போது விரல் இடிக்காது. ஏரிக்கரை போதாது, படி ஏறிப் பழகுங்கள். ஜாக்கெட்டும் தடியும் வாடகைக்குக் கிடைக்கும், இரண்டும் சேர்த்து 400 ரூபாய். எல்லாம் சேர்த்து ஆளுக்குப் பதினோராயிரத்துக்குள் போய் வரலாம். ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டு, முந்தின ராத்திரி டேராடூனில் தூங்கி எழுந்து போங்கள். கூட வருகிறவர் சாப்பிட்டாரா என்று கேட்பதோடு விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வையுங்கள். நம் பக்கத்தில் மலை என்றாலே கோயில், கோயில் என்றால் வெறும் வயிறு. இமயமலைக்கு அந்தக் கணக்கு ஆகாது.

மத்தியானம் பந்த்வாரிக்கு இறங்கும் வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்தபோது கன்னியப்பன் கேட்டார். "மேல இன்னா பாத்த பாய்?"

யோசித்துப் பார்த்தேன். எதிரே வரிசையாக வெள்ளை மலைகள் நின்றன என்பது தெரியும். ஒன்றின் வடிவம்கூட மனதில் இல்லை. உருகுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உண்மையைச் சொன்னேன்.

"அப்ப ரெண்டு பேருமே இன்னும் மேல போவல" என்றார் கன்னியப்பன்.

எனக்கும் அப்படித்தான் பட்டது.