அட்டைக்குப் பின்னால் விழுந்த மூன்று

போன வாரம் திங்கட்கிழமை, பகல் பதினொன்றரை மணி. பெங்களூரு கோரமங்களாவில் ஒரு படத் தயாரிப்பாளரின் ஆபீஸ். ஏசி ஜில்லென்று ஓடுகிறது, எனக்கு மட்டும் முதுகெல்லாம் வியர்வை. எதிரில் தயாரிப்பாளர், பக்கத்தில் என் தோழி ஜெசிந்தா. இருவரும் என்னையே பார்க்கிறார்கள்.

"சொல்லுங்க மேடம், நிஜமாவே பதினெட்டு விழுந்துச்சா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ஜெசியின் படம் நகர்ந்துவிடும். ஆனால் விழுந்தது பதினெட்டு இல்லையே...

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் ஞாயிற்றுக்கிழமைக் கிறுக்கு தெரிந்திருக்கும். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஜெசி வீட்டு டைனிங் டேபிளைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, கற்பனை உலகம் ஒன்றில் கதை ஆடுவோம். நான் கதையை நடத்துகிறவள். ராட்சசன், குகை, மழை எல்லாம் என் பொறுப்பு. மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரம் — வில்லாளி, மந்திரவாதி, திருடன். யாராவது ஒரு காரியத்தில் துணிந்து இறங்கினால் அது பலிக்குமா? அதை இருபது முகப் பகடைதான் சொல்லும். பெரிய எண் விழுந்தால் பிழைத்தீர்கள். சின்ன எண் விழுந்தால் அவ்வளவுதான்.

எங்களுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. எனக்கு முன்னால் ஒரு மடக்கு அட்டை நிற்கும். உயிர் போகிற பகடையை அதற்குப் பின்னால் உருட்டி, எண்ணை நான் வாயால் சொல்வேன். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. இன்னொன்று, பாத்திரம் செத்தால் அதன் தாளை ஆடியவரே கிழிக்க வேண்டும். பெயர், பலம், பட்ட காயம் எல்லாம் பென்சிலால் எழுதிய தாள். கேட்கச் சிரிப்பாக இருக்கிறதா? ஒரு வருஷம் கூடவே வைத்திருந்த ஆளைக் கிழித்துப் பாருங்கள், தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பழைய சாகசப் புத்தகத்தை எடுத்து ஆடினோம். இந்த விளையாட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது ஆடிவிடுகிற பிரபலமான கதை. கடைசிக் கட்டம் ஒரு கயிற்றுப் பாலம். ஜெசியின் வில்லாளி பெயர் மீரா. மற்ற இருவரையும் ஓடச் சொல்லிவிட்டு, ராட்சசனை மறித்துப் பாலத்தின் நடுவில் தனியாக நின்றாள். பதினைந்துக்குக் குறையாமல் விழுந்தால்தான் தப்பிப்பாள்.

உருட்டினேன். மூன்று.

நிமிர்ந்து பார்த்தேன். ஜெசி இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவை அடக்கம் செய்து அன்றைக்கு ஒன்பதாவது நாள். வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை, வாருங்கள் ஆடலாம் என்று அவள்தான் கூப்பிட்டிருந்தாள்.

"பதினெட்டு!" என்றேன்.

ஒரே கூச்சல். ஜெசி அழுதாள், சிரித்தாள், எல்லோருக்கும் காபி போட்டாள். நான் பகடையை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டேன். நல்ல காரியம் செய்ததாகத்தான் அன்றைக்கு நினைத்தேன்.

அந்தப் பாலத்தை ஜெசி விடவே இல்லை. படமாக எழுதினாள். டீச்சர் வேலைக்குச் சம்பளமில்லாத லீவு போட்டாள். புத்தகத்தை வெளியிட்டவர்களுக்கு மெயில் மேல் மெயில் அனுப்பி, படமாக்க ஆறு மாத அனுமதி வாங்கினாள். அது இந்த மாதத்தோடு முடிகிறது. ஐந்து தயாரிப்பாளர்கள் கையை விரித்துவிட்டார்கள். கோரமங்களாக்காரர்தான் கடைசி.

அவர் ஸ்கிரிப்டை ஒழுங்காகப் படித்திருந்தார். அதுதான் வினை.

"கதை சூப்பர் மேடம். ஆனா அந்தப் பாலத்துல எனக்கு பயமே வரல. போஸ்டர்ல பெருசா நிக்கறவ சாக மாட்டாள்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். டேபிள்ல ஆடின கதைன்னு சொன்னீங்களே, அப்போ இருந்த பயம் எங்க போச்சு?"

ஜெசிக்குச் சுருக்கென்றது. "சார், மீரா பொழைக்கணும்னு நான் முடிவு பண்ணல. டைஸ் பண்ணுச்சு. நிஜமா பதினெட்டு விழுந்துச்சு. இவதான் உருட்டினா, கேளுங்க!"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா? அப்போ அதையே படத்தோட முதல் டைட்டில் கார்டா போடலாமே! இதுல யார் வாழணும்னு டைஸ்தான் முடிவு பண்ணுச்சுன்னு..." என்னிடம் திரும்பினார். "சொல்லுங்க மேடம், நிஜமாவே பதினெட்டு விழுந்துச்சா?"

ஒரு டேபிளில் மூன்று பேருக்குச் சொன்ன பொய், தியேட்டர் தியேட்டராக எழுத்தில் ஓடப்போகிறது.

"மூணு" என்றேன். "மூணுதான் விழுந்துச்சு. நான் மாத்திச் சொல்லிட்டேன்."

ஜெசி என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தாள். தயாரிப்பாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிச்சுட்டு வாங்க" என்று எழுந்துவிட்டார்.

ஆட்டோ ஈஜிபுரா சிக்னலில் மாட்டிக்கொண்டு நின்றது. அங்கேதான் ஜெசி என் பக்கம் திரும்பினாள்.

"எங்க அம்மா செத்துட்டாங்கன்னு எனக்குப் பிச்சை போட்டியாடி?"

"ஐயோ, இல்ல ஜெசி. உன் மூஞ்சியப் பார்த்தேன். சொல்ல முடியல."

"அம்மாவத்தான் பிடிச்சு வைக்க முடியல, மீராவையாவது காப்பாத்திட்டேன்னு ஆறு வருஷமா நினைச்சிட்டிருந்தேன். அதுவும் பொய்யா?"

சிக்னலிலேயே இறங்கி நடந்துவிட்டாள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் போனை எடுக்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. படமும் போச்சு, சிநேகிதமும் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன்.

யோசித்துப் பார்த்தால் நம் வீடுகளில் யாரிடம் அந்த அட்டை இல்லை? ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்ல, சாப்பிடு" என்கிறோமே, அது என்ன? அன்பில்தான் செய்கிறோம். ஆனால் யாருக்காகச் செய்கிறோமோ அவர்களைத் தவிர மற்ற எல்லோரும் உண்மையோடு இருக்கிறோம். இந்தச் சாகசப் படங்களில் பயம் வராததற்கும் இதுதான் காரணம் என்று படுகிறது. எத்தனை கோடிக்கு ராட்சசன் செய்தால் என்ன? அட்டைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து நம் ஆளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது நமக்குத் தெரிந்துபோகிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் பெல் அடித்தது. ஜெசி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "படி" என்று நாலு பக்கங்களைக் கையில் திணித்தாள்.

பாலத்தில் மீரா நிற்கிறாள். கயிறு அறுகிறது. இக்கரையில் இரண்டு பேர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதில் இல்லை. படித்து முடித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனேன்.

ஜெசி பர்சிலிருந்து ஒரு பழுப்பேறிய தாளை எடுத்துப் பிரித்தாள். மீராவின் தாள். இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

"கிழிக்க வேண்டியது நான். ஆனா உருட்டினது நீ. அந்த ஓரத்தப் பிடி."

பிடித்தேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அந்த நாலு பக்கமும் கோரமங்களா போனது. மத்தியானம் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டோம். தயாரிப்பாளர் தமிழை மறந்து கன்னடத்தில், "ஈக பய ஆய்த்து மேடம்" என்றார். இப்போதுதான் பயம் வந்ததாம். அனுமதியை நீட்டிக்கச் சொல்லி அவரே புத்தகக்காரர்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறார். படம் வருமா? தெரியாது. சினிமா!

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போனபோது, ஜெசி என் அட்டையை மடக்கி அலமாரி மேல் போட்டிருந்தாள். இனிமேல் எல்லோர் கண் முன்னாலும்தான் உருட்ட வேண்டுமாம். உருட்டினேன். அவளுடைய புது ஆள் முதல் குகையிலேயே காலி. ஜெசி சிரித்துக்கொண்டே தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த ஆளுக்குப் பென்சில் சீவ ஆரம்பித்தாள்.

அழுதது நான்தான்.