ரத்தம் சொன்ன பதில்

கர்ப்பப்பையை எடுத்த மூன்றாம் நாள் காலை, என் மனைவி வசந்தாவின் வயிறு கல் மாதிரி உப்பியிருந்தது. காய்ச்சல் இல்லை. அதனால் நான் பயப்படவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. நான் நான்காம் வகுப்போடு நின்றவன். மாமல்லபுரத்தில் இளநீர் வெட்டி விற்றே ஐந்து வேன் வாங்கினேன். வெள்ளைக்காரனிடமும் போலீஸ்காரரிடமும் நானே பேசுவேன். வீட்டில் யாரை எது கேட்டாலும் பதில் என்னுடையதுதான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான்.

முந்தின நாள் டாக்டரம்மா, "காத்து பிரிஞ்சுதாம்மா?" என்று கேட்டார். (குடல் மறுபடி வேலை செய்கிறதா என்று அறியக் கேட்பது, அதுவரை சாப்பாடு தரமாட்டார்கள்.) வசந்தா கூச்சத்தில் முகத்தைத் திருப்பினாள். பட்டினி கிடக்கிறாளே என்று நான் முந்திக்கொண்டேன்.

"அதெல்லாம் ஆச்சி டாக்டர். கஞ்சி குடுக்கலாமா?"

கொடுக்கச் சொன்னார். குடித்ததை வாந்தி எடுத்தாள். வெறும் வயிற்றில் குடித்ததால்தான் வாந்தி என்று நர்ஸுக்கும் நானே விளக்கம் சொன்னேன்.

மூன்றாம் நாளும் ரத்தம் எடுக்க வந்தார்கள். "டெய்லி உறிஞ்சிகினு கீறியே, அவ உடம்புல மிச்சம் இன்னாம்மா இருக்கும்?" என்று நர்ஸிடம் சண்டை போட்டேன். அவர் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் டாக்டரம்மா ரிப்போர்ட்டோடு வந்தார். "சி.ஆர்.பி. இந்நேரம் இறங்கணும். நேத்தைவிட ஏறியிருக்கு." (உடம்புக்குள் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் புரதம். ஆபரேஷன் ஆனதும் யாருக்கும் ஏறும். பிறகு இறங்க வேண்டும்.) "நெஜமாவே காத்து பிரிஞ்சுதா?"

நான் வாயைத் திறந்தேன்.

"உங்கள கேக்கல. கொஞ்சம் வெளிய இருங்க."

கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே வசந்தாவின் குரல்.

"இல்ல டாக்டர், ஒருதரங்கூட இல்ல. நேத்துலருந்து இடப்பக்கம் குத்திகினே கீது. இந்தாளு பேசிகினே இருந்தா நான் எங்க சொல்றது?"

ஸ்கேனில் வயிற்றுக்குள் நீர் தெரிந்தது. பழைய குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷனால் குடல் கர்ப்பப்பையோடு ஒட்டியிருந்ததாம். பிரித்த இடத்தில் குடலில் சின்னப் பொத்தல். அன்று சாயங்காலமே மறுபடி திறந்து தைத்தார்கள். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் பிழைப்பது கஷ்டம் என்றார் டாக்டரம்மா.

அடுத்தடுத்த நாட்களில் ரத்தத்தில் அந்த சி.ஆர்.பி. அளவு இறங்கியது. ஒரு காலை வசந்தா கையசைத்துக் கூப்பிட்டாள்.

"யோவ், காத்து பிரிஞ்சிச்சி. போய் ஊருக்கெல்லாம் சொல்லு."

நான் சிரித்த சத்தத்துக்கு நர்ஸ் ஓடி வந்தார்.

உங்கள் வீட்டில் இந்த ஆபரேஷன் நடந்தால், காய்ச்சல் இல்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். ரத்தம் எடுக்க விடுங்கள். படுத்திருப்பவரைப் பேச விடுங்கள்.

முன்பெல்லாம் அரை மணி சும்மா இருக்க எனக்குத் தெரியாது. இப்போது அவள் சாப்பிட்டு முடித்ததும் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவளே தன் வயிற்றைத் தடவிப் பார்த்து, "ஒண்ணுமில்ல, போ" என்ற பிறகுதான் எழுந்திருப்பேன்.