ஓட்டக்காரிகளின் கடைவாய்ப் பல்

பல் டாக்டர் தொழிலில் ஒரு பெரிய சங்கடம், நோயாளியின் வாயைத் திறந்து வைத்துவிட்டுத்தான் நாம் கேள்வியே கேட்போம். அதனால் வருகிற பதிலெல்லாம் ‘ஆ... ஆ...’ என்றுதான் இருக்கும்.

மந்தைவெளியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் என் கிளினிக். நடந்து போகிற தூரத்தில் ஒரு மைதானம். காலையும் மாலையும் அங்கே பெண்களுக்கு ஓட்டப் பயிற்சி நடக்கும். அந்த மைதானத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். கால் பிசகினால் எலும்பு டாக்டரிடம் போவார்கள், என்னிடம் ஏன் வரப்போகிறார்கள்? ஆனால் வந்தார்கள். நோயாளி சொல்வதும் புரியாமல், படித்த படிப்பும் பொருந்தாமல் முழித்திருக்கிற டாக்டர்களே, டாக்டர் முழிப்பதைப் பார்த்துப் பயந்திருக்கிற நோயாளிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு கட்சியுமே பாதிக்கப்பட்டவர்கள்தானே.

ஓட்ஸ் சாப்பிட்டவள்

முதலில் வந்தவள் ஜெனிபர். சாந்தோம் பெண், இருபது வயது, நானூறு மீட்டர் ஓடுகிறவள். அம்மா அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாயைத் திறந்து பார்த்தால் எனக்கே பொறாமையாக இருந்தது. சொத்தை இல்லை, கறை இல்லை, பல் வரிசை அவ்வளவு சுத்தம். ஆனால் வலிக்கிற அந்த ஒரு பல் மட்டும் நடுவே கோடு போட்ட மாதிரி விரிசல் விட்டிருந்தது.

சாதாரணமாக இப்படி உடைந்து வருகிறவர்களுக்கு ஒரு கதை இருக்கும். அரிசியில் கல் இருந்தது, மட்டன் எலும்பைக் கடித்தேன், பைக்கிலிருந்து விழுந்தேன் என்று. இவளிடம் ஒரு கதையும் இல்லை. முறுக்கு, சீடை, ஐஸ்கட்டி என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்க, எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையாட்டினாள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பாளா என்று கூட வந்திருந்த அம்மாவிடம் கேட்டதற்கு, படுத்தால் இவளுக்கு உலகமே தெரியாது என்றார். வேர் சிகிச்சை செய்து கேப் போடுவதுதான் வழி என்று சொல்லி வேலையை ஆரம்பித்தேன். காரணம் என்ன என்கிற இடத்தில் என் கேஸ் ஷீட் காலியாகவே இருந்தது. கிளம்பும்போது மரத்துப்போன உதட்டோடு அவளே என்னைக் கேட்டாள்: “டாக்டர், நான் கடிக்கிறதே ஓட்ஸும் அவிச்ச முட்டையும்தான். ஓட்ஸ்ல பல்லு உடையுமா?”

தலைவலிக்குப் பல் டாக்டர்

அடுத்தவள் வித்யா. அதே மைதானத்தில் நீளம் தாண்டுகிறவள், ஜெனிபருக்குத் தோழி. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் வீடு. இவளுக்குப் பல் வலியே இல்லை, தலைவலி. கண் டாக்டர் கண்ணாடி போடச் சொல்லி, கண்ணாடி போட்டும் போகவில்லை. காது டாக்டர் காது நன்றாக இருக்கிறது என்றார். ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது, ஒன்றுமில்லை. தலையில் மிச்சம் இருக்கிற ஒரே டாக்டர் நான்தான் என்று அவள் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார்.

தாடையின் இரண்டு பக்கமும் தசை கெட்டியாகப் புடைத்திருந்தது. பற்களின் முனையெல்லாம் அரம் வைத்துத் தேய்த்த மாதிரி சமதளம். இவள் பல்லைக் கடிக்கிறாள், சந்தேகமே இல்லை. மனசில் ஏதாவது அழுத்தம் இருக்கிறதா என்று கேட்டதற்கு அம்மா முந்திக்கொண்டு, அதெல்லாம் ஒரு குறையும் கிடையாது, படிப்பு முடியப்போகிறது, இந்தக் குதிக்கிற வேலையை எப்போது நிறுத்தப்போகிறாய் என்று மட்டும்தான் நாங்கள் தினமும் கேட்கிறோம் என்றார். வித்யா மேலே சீலிங்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

தூங்கும்போது பற்களுக்கு நடுவே போட்டுக்கொள்கிற உறை ஒன்று உண்டு. அளவெடுத்துச் செய்து கொடுத்தேன். அம்மா மருந்து வாங்கக் கீழே இறங்கிப் போனதும், அவள் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதைப் போட்டுண்டா வாயைத் திறந்து பதில் சொல்ல முடியாது இல்லையா டாக்டர்? அப்போ நான் சாயங்காலமே போட்டுக்கறேன்.”

கோச் சார் கேட்ட கணக்கு

இரண்டு பேரும் சொல்லியோ என்னவோ, அவர்களுடைய கோச் ஒரு நாள் படியேறி வந்தார். அந்தக் காலத்தில் தானும் ஓடியவர், விறைப்பாக நிற்பார். என் பிள்ளைகள் பல்லெல்லாம் ஏன் இப்படி ஆகிறது, கால்சியம் போதவில்லையா, பால் கூட்டட்டுமா என்று கேட்டார். கால்சியத்தில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை, மன அழுத்தத்தால் பல்லைக் கடிக்கிறார்கள் என்று நினைக்கிறேன் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. டென்ஷன் இல்லாதவள் ஸ்டார்ட்டிங் லைனில் நின்று கொட்டாவி விடுவாள், துப்பாக்கி வெடித்தாலும் கால் கிளம்பாது என்றார்.

யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். எனக்கே பரீட்சைக்கு முந்தின நாள் பயம் வந்ததால்தான் படித்தேன். ஆனால் அளவுக்கு மீறினால் உடம்பு கெடுகிறதே என்று இழுத்தேன். அளவு எது என்று உடனே கேட்டார். மருந்துக்கு எனக்கு அளவு தெரியும், மயக்க ஊசிக்கு அளவு தெரியும், இதற்குத் தெரியாது. அவர் கிண்டலாகப் பேசவில்லை, நிஜமாகவே கேட்டார்: “காலுக்கு எவ்வளவு டென்ஷன், பல்லுக்கு எவ்வளவு டென்ஷன்னு நீங்க பிரிச்சுச் சொல்லுங்க மேடம். நான் அப்படியே ட்ரெய்னிங் குடுக்கறேன்.”

எக்ஸ்ரேக்கு முன்னால்

சில மாதம் கழித்து ஜெனிபர் மறுபடி வந்தாள். இந்தத் தடவை வாய்ப்புண். ஒன்று ஆறினால் இன்னொன்று. ஈறு தொட்டால் ரத்தம். மேல் பற்களின் உள்பக்கம் எனாமல் கரைந்திருந்தது. அடிக்கடி வாந்தி எடுக்கிறவர்களுக்குத்தான் அப்படி ஆகும். கேட்டால், ஒவ்வொரு ரேஸுக்கு முன்னாலும் வந்துவிடும் டாக்டர், இப்போது பயிற்சியில் டைம் பார்த்து ஓடுகிற நாளில்கூட வருகிறது என்று சாதாரணமாகச் சொன்னாள். ஆளும் இளைத்திருந்தாள். கொஞ்சம் எடை குறைந்தால் வேகம் வரும் என்று யாரோ சொன்னார்களாம்; அவள் குறைத்துக்கொண்டே போயிருக்கிறாள். மாநில அணிக்கான தேர்வுப் போட்டி நெருங்குகிறது, அணியில் இடம் கிடைத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு வழி பிறக்கும்.

எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்னால் பெண்களிடம் கடைசியாக எப்போது பீரியட்ஸ் வந்தது என்று கேட்பது எங்கள் வழக்கம். வயிற்றில் குழந்தை இருந்துவிடக் கூடாதே என்பதற்காக. போன தடவை அவள் ஒரு தேதி சொன்னாள். இந்தத் தடவை, நாலைந்து மாதமாகவே இல்லை என்றாள். என் உதவியாளர் கலா கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டாள். ஜெனிபருக்கு எங்கள் முகம் ஏன் மாறியது என்றே புரியவில்லை. நீங்கள் நினைக்கிற மாதிரி ஒன்றுமில்லை டாக்டர், நன்றாகப் பயிற்சி எடுத்தால் நின்றுவிடும், கிரவுண்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், தொல்லை விட்டது என்றாள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரத்தில் ஒரு வலி இருப்பதையும் அப்போதுதான் சொன்னாள்.

பல்லுக்கும் வயிற்றுக்கும் காலுக்கும் இடையே நான் எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். அடையாறில் எனக்குத் தெரிந்த ஒரு மகப்பேறு டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவள் வாங்கி மடித்துப் பையில் போட்ட விதத்திலேயே போகமாட்டாள் என்று தெரிந்தது. அவள் படியிறங்கிய பிறகு கலா, பட்டினப்பாக்கத்துக்காரி, என்னைப் பார்த்துச் சொன்னாள்: “இன்னா மேடம் இது, நின்னுட்டா நல்லதுன்னு சொல்லிக்கினு கீதுங்க? எங்களுக்கு ஒரு மாசம் தள்ளிப்போனாலே தூக்கம் போய்டும்.”

டீச்சர் கேட்டதும் மகள் சொன்னதும்

அடுத்த முறை ஜெனிபர் அம்மாவோடு வந்தாள். எனக்குச் சங்கடம். இருபது வயதுப் பெண் என்னிடம் சொன்னதை அவள் அம்மாவிடம் நான் சொல்லலாமா? சொல்லாமல் விடலாமா? கடைசியில், நான் அனுப்பிய டாக்டரைப் பார்த்தாயா ஜெனி என்று மட்டும் பொதுவாகக் கேட்டேன். எந்த டாக்டர் என்று அம்மா கேட்டார். ஜெனிபர் நாற்காலியில் எழுந்து உட்கார்ந்து, வாயிலிருந்த பஞ்சைத் துப்பிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். நின்றுபோனது, வாந்தி, கால் வலி, இரவு ஓட்ஸைக்கூட நாய்க்குப் போட்டது எல்லாம்.

டீச்சர் முதலில் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். தன் விரல்கள் அதைச் சுற்றி எவ்வளவு தாராளமாகச் சேர்கின்றன என்பதை அப்போதுதான் பார்க்கிறார் போல. பிறகு மெதுவாக, “நாங்க யாரும் உன்ன ஓடித்தான் ஆகணும்னு சொல்லலையேம்மா” என்றார்.

ஜெனிபர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. நேராகப் பார்த்துச் சொன்னாள்: “யாரும் போதும்னும் சொல்லலையே, மம்மி.”

ஒரு வீட்டில் தினமும் நிறுத்து என்கிறார்கள், இன்னொரு வீட்டில் யாரும் வாயே திறக்கவில்லை. இரண்டு வீட்டுப் பெண்ணும் என் நாற்காலியில்தான் வந்து படுத்தார்கள். பெற்றவர்களுக்கு நான் என்ன புத்தி சொல்வது?

கேட்கத் தெரியாத கேள்வி

அடையாறு டாக்டர் சோதனையெல்லாம் செய்துவிட்டு எனக்குப் போன் செய்தார். சாப்பாடு குறைவு, பயிற்சி அதிகம், அதற்கு மேல் ஓயாத கவலை. மூன்றும் சேர்ந்ததில், இப்போதைக்கு இதெல்லாம் நடத்த வசதியில்லை என்று உடம்பு சில வேலைகளை நிறுத்தி வைத்திருக்கிறது என்றார். எலும்பு டாக்டரிடமும் அனுப்பியிருந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பில் மெல்லிய கீறல். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் முறிந்திருக்கும். ஓடக் கூடாது, நன்றாகச் சாப்பிட வேண்டும், மனம்விட்டுப் பேச ஒரு ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தேர்வுப் போட்டி கைவிட்டுப் போனது.

கோச் மறுபடி படியேறி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் நோயாளிகளுக்குப் போட்டிருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தார். விறைப்பு போய்விட்டிருந்தது. ஜெனிபர் தன்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள் என்றார். எடை குறைந்தால் வேகம் வரும் என்று சொன்னது அவர்தானாம். ஒரே ஒரு தடவை, போகிறபோக்கில் சொன்னதாம். இத்தனை வருஷமாக எந்தப் பெண்ணிடமும் கால் எப்படி இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லையாம். பிறகு சொன்னார்: “கேக்கணும்னு இப்போ புரியுது மேடம். ஆனா ஒரு ஆம்பள, அதை எந்த வார்த்தையில கேக்கறது?” மைதானத்தில் ஒரு பெண் பயிற்சியாளரும் இருந்தால் நல்லது என்று சொன்னேன். அடுத்த மாதமே ஒருவரைச் சேர்த்துக்கொண்டார்.

வித்யாவின் அம்மா

இந்தச் சமாசாரம் மயிலாப்பூருக்கும் எட்டியது. வித்யா வீட்டில் கூடிப் பேசி, படிப்பை முடித்த பிறகும் இரண்டு வருஷம் அவள் இஷ்டப்படி குதிக்கட்டும், யாரும் அதைப் பற்றி அவளிடம் பேசக் கூடாது என்று முடிவு செய்தார்களாம். வித்யாவின் தலைவலி குறைந்தது. உறையைக்கூட மறந்துவிட்டுத் தூங்குகிறாள் என்று கேள்விப்பட்டு, ஒரு கேஸாவது எனக்குப் புரிந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அவள் அம்மா தனியாக வந்தார். காலையில் எழுந்தால் வாயைத் திறக்க முடியவில்லை, காதுவரை இழுக்கிறது என்றார். தாடையைத் தொட்டுப் பார்த்தேன். மகளுக்கு இருந்த அதே இடத்தில் அதே கெட்டித் தசை. இவருக்கும் உறைக்கு அளவெடுத்தேன். அளவுக்காக வாயில் வைத்த மாவு இறுகும்வரை பேசக் கூடாது என்று சொல்லியிருந்தேன், எடுத்ததும் முதல் வேலையாகச் சொன்னார்: “கேக்கப்படாதுன்னு ஆத்துல எல்லாருமா சொல்லிட்டா. கேக்காம இருக்கறதுக்கு நான் என்ன பாடு பட்டுண்டிருக்கேன்னு எனக்குன்னா தெரியும்.”

முடிவுக் கோட்டில்

ஜெனிபர் மறுபடி ஓட ஆரம்பிக்க ஏழெட்டு மாதமானது. இடையில் ஒருநாள் கிளினிக்குக்கு வந்து, ஓடாமல் இருப்பதுதான் இன்னும் பெரிய டென்ஷனாக இருக்கிறது டாக்டர் என்றாள். ஓய்வே வைத்தியம் என்று சொல்லி அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. ஆனாலும் வாய்ப்புண் ஆறியிருந்தது. கன்னம் கொஞ்சம் பூசினாற்போல இருந்தது. நின்றிருந்ததும் திரும்பி வந்துவிட்டதாகக் கலாவின் காதில் சொல்லிவிட்டுப் போனாள். கலா அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை, சின்னப் போட்டிதான், வந்து பாருங்கள் என்று கூப்பிட்டாள். போனேன். எல்லோரும் கால்களைப் பார்க்க, நான் வரிசையாகத் தாடைகளைத்தான் பார்த்தேன். கோட்டில் குனிந்திருந்த ஒவ்வொரு பெண்ணின் தாடையும் இறுகியிருந்தது. ஜெனிபருடையதும்தான். நான் அவள் பல்லுக்குப் போட்ட கேப் போச்சு என்று நினைத்தேன். துப்பாக்கி வெடித்தது. கடைசி வளைவில் ஐந்தாவதாக வந்தவள் மூன்றாவதாக முடித்தாள். வேலைக்கு அது போதாது, மறுபடி முயல வேண்டும். ஆனால் புல்லில் மல்லாந்து படுத்து, வாயை அகலத் திறந்து சிரித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். டீச்சர் வாழைப்பழத்தை உரித்து நீட்ட, மறுக்காமல் வாங்கிச் சாப்பிட்டாள். பல்லைக் கடித்தாயா என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள்: “ஓடும்போது கடிச்சேன் டாக்டர். முடிஞ்சதும் விட்டுட்டேன். முன்னெல்லாம் எனக்கு விடத் தெரியாது.”

பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று பெண்களுக்கு ஊரே சொல்லிக்கொடுக்கிறது, எப்போது விடலாம் என்று சொல்லிக்கொடுப்பது பல் டாக்டர் வேலையா, மகப்பேறு டாக்டர் வேலையா, கோச் வேலையா, அம்மா வேலையா என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.