பாரில் சிப்பி இல்லை

எங்கள் ஆய்வு மையத்தில் மதியச் சோற்றைச் சேர்ந்துதான் சாப்பிடுவோம். என் நெத்திலிக் குழம்புக்கு அடிதடியே நடக்கும்.

தூத்துக்குடிக் கடலுக்கடியில் முத்துச்சிப்பி விளையும் பாறைத்திட்டை 'பார்' என்போம். அங்கே மறுபடி முத்துக்குளிப்பு நடக்கப்போகிறது என்று அமைச்சர் மேடையில் பேசிவிட்டார். அதற்கு முன்பே முங்கிப் பார்த்திருந்த நாங்கள் கண்டது வெறும் மணல். இயக்குநரிடம் சொல்லியும் இருந்தோம். அமைச்சரின் ஆட்கள் வந்து உட்கார்ந்ததும், "சிப்பி நல்லா வந்திருக்கு" என்றார் இயக்குநர். என்னோடு முங்கியவர்களும் தலையாட்டினார்கள். "ஒரு சிப்பிகூட இல்லை" என்றேன் நான்.

யாரும் என்னைத் திட்டவில்லை, மாற்றல் போடவுமில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். சாப்பாட்டு மேசையில் என்னைச் சுற்றி நாற்காலிகள் காலியாயின, அவ்வளவுதான். குழம்பு அப்படியே வீட்டுக்குத் திரும்புகிறது.

நேற்று கை கழுவும் இடத்தில், என்னோடு முங்கிய அக்கா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "நீ சொன்னதுதாம்ளா நெசம்" என்றார். இயக்குநர் உட்பட எல்லோரும் இப்படித் தனித்தனியாக வந்து சொல்லிவிட்டார்கள். சொல்லிவிட்டுப் போய், சாப்பாட்டு அறையின் கோடியிலுள்ள மேசையில் ஒன்றாக உட்கார்ந்துகொள்கிறார்கள்.